மையவாடி வரிசை காத்த துஹாமி பூஸைத் அவர்களுக்கு

துனிசியத் தென்கரைத் துறைமுக நகராட்சியின் அடக்கத்தலமாகிய மையவாடிக்கு மேற்பார்வையாளராக முப்பதாண்டுக்கு மேல் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் பெருந்தகையீர்! மண்ணையும் மனிதரையும் ஒருசேர அறிந்தவரே! வரிசை வழுவாத வல்லவரே! வன்சொல் வழங்காத வாயினரே! கடைசி விளி வழக்கத்துக்காகச் சேர்த்தது. உங்களிடம் திட்டு வாங்காதவர் இந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

பழைய மையவாடி தர்காவைச் சுற்றி இருந்த காலத்தில், செல்வர்கள் அங்கே அடங்கிய இறைநேசர் அவுலியாவின் நிழலிலும் ஏழைகள் மழைநீர் தேங்கும் பள்ளத்திலும் அடங்கினார்கள். அது நிறைந்து, ஒலிவத் தோப்புகளுக்கு அப்பால் மேட்டுநிலத்தில் புதிய மையவாடி திறந்தபோது, இறந்து வந்த வரிசையில்தான் கபர்க் குழி என்று விதி வகுத்தவர் நீங்கள். குளிப்பாட்டுவதும், போர்த்தும் கபன் துணியும், உடலை ஏற்றிவரும் ஜனாஸா வண்டியும் எல்லோருக்கும் ஒன்றுபோல இலவசமாகக் கிடைக்கச் செய்தீர்கள். இறந்த பெண்களைக் குளிப்பாட்டத் தனி இடம் கேட்டு நகரத் தலைவரின் வாசலில் நாள்தோறும் உட்கார்ந்து, அவர் சாப்பிடப் போக விடாமல் கையெழுத்து வாங்கினீர்கள். இறந்த தகப்பனாருக்கு மையவாடி வாசலோரம் இடம் கேட்ட எண்ணெய் ஆலை முதலாளியிடம் நீங்கள் சொன்ன பதிலை, மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

மூன்றாண்டுக்கு முன் உங்கள் துணைவியார் மஹ்பூபா அம்மையார் காலமானபோதும் வரிசை மாறவில்லை. முன்தினம் இறந்த மீனவர் ஒருவருக்கு அடுத்த கபரில் அவரை அடக்கினோம். அம்மையாரைக் குளிப்பாட்டிய வஸீலாவிடம் மட்டும் மனம் விட்டுப் பேசினீர்கள்.

“பக்கத்துல நானும் வந்து படுத்துக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது, வஸீலா. ஆனா எனக்கு முன்னால ஊர்ல எவனாவது போய்ச் சேர்ந்துருவானே.”

அதை வஸீலா எங்களிடம் சொன்னார். நாங்கள் கூடிப் பேசி, அம்மையாருக்கு அடுத்த அந்த ஒரு இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைத் தோண்டினோம். அடியில் பாறை என்று உங்களிடம் கதை அளந்துவிட்டு, சுண்ணாம்புப் பீப்பாயை அதன்மேல் உருட்டி வைத்தோம். இன்றைய விழாவில் உங்களுக்குத் தர நினைத்த பரிசு அந்த இடம்தான்.

சென்ற மாதம் கடல் ஒதுக்கிய இளைஞர் ஒருவரின் உடலை, பெயரும் ஊரும் தெரியாமல், ஓட்டுநர் ஷாத்லி கொண்டுவந்தார். என்ன தோன்றியதோ, அன்று பீப்பாயை நகர்த்திக் கடப்பாரையை நீங்களே இறக்கிப் பார்த்தீர்கள்.

“பாறையாடா இது? மாவுல எறங்குற மாதிரி எறங்குது.”

“ஐயா, அது உங்க எடம்” என்றார் ஷாத்லி.

“ஆலைக்காரனுக்கு இல்லாத எடம் எனக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு? இந்தப் புள்ளைய இங்க வைங்க.” மண் மூடி முடித்த பிறகு, யாரையும் பார்க்காமல், “அவளுக்கும் ஒரு துணையாச்சு” என்றீர்கள்.

கோபத்தில் ஷாத்லி இரண்டு நாள் உங்களோடு தேநீர் குடிக்கவில்லை. எங்களுக்கும் அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. உங்கள் மீது எங்களுக்கு இருக்கும் அன்பை வேறு எப்படிக் காட்டுவது என்று தெரியாமல், இந்த மடலையும் ஒரு கைக்கடிகாரத்தையும் கொடுக்கிறோம்.

ஐயா, மையவாடியின் வரிசை நாளுக்கு நாள் அம்மையாரை விட்டு விலகி மேட்டில் ஏறிக்கொண்டே போகிறது. உங்கள் முறை வரும் நாளில் அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் தோண்டுவோம். இனி பொய் சொல்ல மாட்டோம். அந்த இடம் மஹ்பூபா அம்மையாரிடமிருந்து கண்ணுக்கெட்டாத தொலைவில் அமைய வேண்டும் என்று எல்லாம் வல்ல இறைவனிடம் கையேந்துகிறோம்.

இங்ஙனம்,
குழி தோண்டுவோர், குளிப்பாட்டுவோர், வண்டி ஓட்டுவோர்,
மையவாடித் துறை