கயிறு கட்டினவர் தின்ற கேக்கு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று கேட்டாள்:

"யக்கா, குடிக்க மாட்டேன்னு கோயில்ல கயிறு கட்டினவரு கேக்கு துன்னா சாமி குத்தமாவுமா?"

"கேக்குல இன்னாடி குத்தம்?"

"அதுல அரை பாட்டில் கறுப்பு பீரு ஊத்தினேன்க்கா. பாண்டிக்குப் போன எங்கண்ணன் வாங்கியாந்தான். சாக்லேட் கேக்குல அத ஊத்தினா மெத்துன்னு வரும்னு போன்ல ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான்."

"அடிப்பாவி! அதப் போயி ஊட்டுக்காரருக்கா குடுத்த?"

"அவருக்குத்தானேக்கா பொறந்தநாளு. ஏர் ஃப்ரையர்ல வெச்சா சூட்டுல பீரெல்லாம் ஆவியாப் போயிடும்னு நெனச்சேன்."

மூத்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டேரிப்பட்டில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"கண்டுபுடிச்சிட்டாரா?"

"மொத வாயிலியே. கையில கீற கயித்தப் பார்த்தாரு, என்னியப் பார்த்தாரு. மொத்தத்தையும் துன்னு முடிச்சிட்டாரு."

"கோவமா கீறாரா?"

"தெரியலக்கா. காலைல எழுந்ததும் கடைக்குப் போயி, அஞ்சு கிலோ மைதா வாங்கிக்கினு வந்து அடுப்பாண்ட வெச்சிட்டுப் போயிக்கிறாரு."