புள்ளி விழுந்த அவரையின் பக்கம் நின்றவருக்கு

பயிர்நோய் ஆய்வுப் பிரிவின் தலைவராய்ப் பணிநிறைவு பெறும் அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

இலையின் நரம்பையும் இளந்தண்டின் வாட்டத்தையும் இமைகொட்டாது நோக்கிய இனியவரே! பூஞ்சையின் போக்கறிந்து பயிரைப் புரந்த பெருந்தகையே! கழுத்தில் எந்நேரமும் தொங்கும் உருப்பெருக்கியால் 'லென்ஸம்மா' என்ற பெயர் பெற்று, அப்படிக் கூப்பிட்டாலும் கோபிக்காமல் திரும்பிப் பார்க்கும் எங்கள் தலைவியே! வணக்கம்.

தங்கள் நற்குணங்களை வரிசையாய் வாசித்தால், நடுவிலேயே எழுந்து "போதும்ப்பா, டீ ஆறுது" என்பீர்கள். ஆகவே ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். அதையும் முகத்துக்கு நேரே சொன்னால் மறுப்பீர்கள் என்பதால், யாரோ ஒருவரின் கதைபோல 'அவர்', 'அம்மையார்' என்றே சொல்கிறோம், பொறுத்தருள்க.

அவர் பல்லாண்டு பாடுபட்டு ஓர் அவரை வகையை உருவாக்கியிருந்தார். பக்கத்துப் பாத்தியில், அவரோடு முகம்கொடுத்துப் பேசாத சக ஆய்வாளர் 'நெட்டை'யாரின் வகை நின்றது. உழவருக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கத் தேர்வுக்குழு வந்தது. எது நோயைத் தாங்கும் என்று பார்க்கச் சில நாள் முன்பே இரண்டின்மேலும் துருநோய்ப் பூஞ்சையைத் தெளித்திருந்தார்கள். அன்று அம்மையாரின் அவரை பச்சைப்பட்டாய்ப் பளபளத்தது; நெட்டையாரின் அவரையிலோ இலைக்கு இலை ஊசிமுனைப் பழுப்புப் புள்ளிகள்.

குழுத்தலைவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இதுல யோசிக்க என்ன இருக்கு? புள்ளி விழுந்ததைப் பிடுங்கி எரிச்சிடுங்க. மேடத்தோட செடியே இருக்கட்டும்" என்றார். நெட்டையார் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அம்மையார் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் காலையிலேயே இருவகை இலைகளையும் நீலச்சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்திருந்தார்.

"சார், கொஞ்சம் உள்ளே வந்து பாருங்க. எரிக்க வேண்டியது என்னோடதுதான்."

"என்ன மேடம் சொல்றீங்க? உங்க செடியில ஒரு கறைகூட இல்லையே!"

"அதான் சார் பயமா இருக்கு. இந்தப் பூஞ்சைக்கு உயிரோட இருக்கிற செல்லுலதான் சாப்பாடு. இவரோட செடி, ஆள் நுழைஞ்சதைக் கண்டுபிடிச்சு, அந்தச் செல்லையும் சுத்தி இருக்கிற சிலதையும் தானே சாகடிச்சிடுது. பூஞ்சை பட்டினி கிடந்து அங்கேயே முடிஞ்சிடுது. அந்தச் செத்த இடம்தான் புள்ளி. என் செடிக்கு, வந்தவன் யாருன்னே தெரியல. உள்ளே நல்லா குடும்பம் நடத்திட்டிருக்கான்."

குழுத்தலைவர் நுண்ணோக்கியில் கண்வைத்தார். ஓர் இலையில், நீலமேறிய சில செத்த செல்களுக்கு நடுவே பூஞ்சையின் குட்டை இழை முடங்கிக் கிடந்தது. மற்றதில் இழைகள் இலையெங்கும் ஓடிக் கிளைத்திருந்தன. "ஒரு வாரம் பொறுப்போம்" என்றார். அந்த வாரம் முடிவதற்குள் பச்சைப்பட்டு முழுவதும் செம்பழுப்புத் தூள் வெடித்தது. புள்ளி விழுந்த செடிகள் பூவெடுத்தன.

தம் செடிகளைப் பிடுங்க அவர் ஆள் வைக்கவில்லை. ஒவ்வொன்றாய்த் தாமே பிடுங்கி, குளித்துவந்த பிள்ளையின் தலையைத் துவட்டுவதுபோல வேர்மண்ணை உதறினார். பாதியில் நெட்டையார் வந்து அடுத்த வரிசையில் குனிந்தார்.

"நீங்க எதுக்கு?"

"ரெண்டு பேர்னா சீக்கிரம் முடியும்ல?"

வரிசை முடியும்போது நெட்டையாரே, "உங்களுதுல காய் நல்லா பிடிக்கும். வித்து கொஞ்சம் வெச்சிருக்கீங்களா? என்னோடதோட சேர்த்துப் பார்க்கலாம்" என்றார். அப்படிப் பிறந்த வகையைத்தான் இன்று உழவர் விரும்பி விதைக்கிறார்கள்.

அம்மையீர்! செல்லின் சாவைப் பணிநிறைவுக்கு உவமையாக்கி எங்களில் ஒருவர் ஒரு பத்தி எழுதிவந்தார், அடித்துவிட்டோம். தாங்கள் போவது எங்களுக்கு இழப்பு. அதை அழகாக்கிச் சொல்ல மனமில்லை.

நல்லுடலும் நல்லுறக்கமும் நாளும் பெற்று நெடிது வாழ்க! நோயெதுவும் தேடாமல், ஓர் இலையை இலையாகவே பார்த்து மகிழும் காலைகள் தங்களுக்கு வாய்க்கட்டும்!

என்றும் அன்புடன்,
ஆய்வகத்தாரும் தோட்டத்தாரும், ஒருவர் விடாமல்