ஒரு ரெஜிமெண்டுக்குச் சோறு

"ஹலோ... ஹலோ, போலீஸ் சாவடிங்களா? மாணிக்கவாசகம் ஐயா இருக்காரா, மொழிபெயர்க்கிறவரு?... ஓ, நீங்கதானா. ஐயா, நான் தம்பிராஜா. தோட்டத்து டிரெஸ்ஸர்... டிரைவர் இல்லீங்க, டிரெஸ்ஸர். காயத்துக்கு மருந்து வைக்கிறவன்... ஆமா, ஆமா. காலையிலே புளிச்சோத்தோட மாட்டினவன்தான்... அப்படிச் சொன்னாத்தான் தெரியுதா. இத்தனை வருஷம் மருந்து கலக்கி எடுத்த பேரு, ஒரு டின் சோத்துலே போயிடுச்சு... சிரிக்கிறீங்களா?... இருமலா. சரிங்க."

மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில் ஒரு சீனர் மருந்துக் கடை. சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியோடு ஒட்டிக்கொண்டு நின்றார் தம்பிராஜா. எதிர் வரிசையில், நண்பர் அப்பாசாமியின் வீட்டு வாசலில், தம்பிராஜாவின் மனைவி கமலவேணியும் இரண்டு பெண்களும் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிட்டவர்கள். சனி ஞாயிறு மலாக்காவைச் சுற்றிப் பார்ப்பது, குன்றின்மேல் இருக்கும் பாழடைந்த சர்ச், செட்டிகளின் கோயில், கடைசியில் கடல் என்று ஏற்பாடு. அப்பாசாமி, பல தலைமுறையாக அங்கேயே ஊறிப்போன மலாக்காச் செட்டி; அவர் வீட்டில் மலாய்தான் பேச்சு. கமலவேணி தமிழில் பேச, அப்பாசாமியின் மனைவி மலாயில் பதில் சொல்ல, இரண்டு பேரும் ஒரு சண்டையும் இல்லாமல் ஒரு நாளைக் கழித்திருந்தார்கள்.

தம்பிராஜா இன்று காலை மச்சான் பாலனோடும் கட்டுச்சோற்றோடும் காரில் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தது அவர் மட்டும், அதுவும் பஸ்ஸில். கார் வழியில் படுத்துவிட்டது, பாலன் காவலுக்கு இருக்கிறான், பட்டறைக்குப் போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. கமலவேணி நம்பிவிட்டதுதான் அவரை அறுத்தது.

"கேளுங்க ஐயா. கார்ப்பரல் கேட்டாரு, இவ்வளவு சோறு யாருக்குன்னு. நான் மலாயிலே சொன்னேன், எல்லாம் மச்சானுக்குத்தான் துவான், அவன் வயித்துக்குள்ளே ஒரு ரெஜிமெண்டே குடியிருக்குன்னு... ஆமா. ஆமா, தெரியும். காட்டுலே இருக்கிற கம்யூனிஸ்டுக்காரங்களும் ரெஜிமெண்டுன்னுதான் பேர் வெச்சிருக்காங்க. அவங்களுக்குச் சோறு போயிடக் கூடாதுன்னுதான் ரோட்டுலே தடுப்பே போட்டிருக்கீங்க. வாயை விட்டு வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு... ஐயா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுதானே? பொண்டாட்டி தம்பியை நீங்க கிண்டல் பண்ணினதே இல்லையா?... பார்த்தீங்களா. அது முறைங்க. மச்சானைக் கேலி பண்ணலேன்னாத்தான் அவனுக்குக் கோபம் வரும். அதைக் கார்ப்பரலுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா... சொன்னீங்களா?... எழுதிக்கிட்டாரா? என்னன்னு?... 'ஒரு ரெஜிமெண்டுக்குச் சோறு'... அவ்வளவுதானா? கேலின்னு எழுதலையா?... ஓ. அவங்க காகிதத்துலே கேலிக்கு இடம் இல்லையா."

மருந்துக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "செபெந்தார், தவுக்கே, செபெந்தார்," கொஞ்சம் பொறுங்கள் முதலாளி என்று மலாயில் கெஞ்சிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தம்பிராஜா குரலைத் தாழ்த்தினார்.

"பாலன் எங்கே ஐயா?... உள்ளேன்னா, எந்த உள்ளே?... சரி, சாப்பிட்டானா?... குடுக்கலையா?... குடுத்தீங்க. குடுத்தும் சாப்பிடலையா."

 காய்ச்சலில் படுத்திருந்தபோதும் பாலன் சோற்றை வேண்டாம் என்று சொன்னதை அவர் பார்த்ததில்லை.

"ஐயா, என்னைத் தனியா, அவனைத் தனியா வெச்சாங்க. கொஞ்ச நேரத்துலே என்னை மட்டும் பஸ் ஏறுன்னு விட்டுட்டாங்க. ஏன்னு... ஆமா பட்டறைக்காரரே. ஆமா, ஆமா. சக்கரம் கழண்டது என் தப்புதான்... இல்லே, இல்லே, வண்டியைப் பத்தித்தான் பேசறேன். கொஞ்சம் இருங்க."

கமலவேணி வாசற்படி ஏறி வந்திருந்தாள். அவள் கையில் வாழையிலைப் பொட்டலம்.

"என்ன கமலா?... அப்பாசாமி வீட்லே குடுத்தாங்களா. தேங்காய்ப்பால் சோறா... தெரியும்மா, அவனுக்குப் பசி தாங்காது. பட்டறை ஆள் மூலமா அனுப்பிடறேன்... இல்லே, பெரிய ரிப்பேர் எல்லாம் இல்லே. நீ போ, பிள்ளைங்க வெயில்லே நிக்குது பாரு."

அவள் போனாள். பொட்டலம் சூடாக இருந்தது. இங்கே நகரத்தில் சோற்றுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள்; யாரும் யார் கையிலும் சோற்றைக் கொடுக்கலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இதே பொட்டலத்துக்கு ஆளை உள்ளே வைப்பார்கள்.

"ஹலோ... மன்னிச்சுக்குங்க. என் வீட்டுக்காரி. அவ தம்பிதானே பாலன்... இல்லே, இன்னும் சொல்லலே. எப்படிச் சொல்றது... என்னது?... கையெழுத்துப் போட்டுட்டானா? எதுக்கு?... சோறு அவனோடதுன்னா? மாமாவுக்குத் தெரியாம டின்னுலே வெச்சேன்னு சொன்னானா?... அதான் என்னை விட்டீங்களா."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி மாட்டியும் கடை கலங்கலாகவே தெரிந்தது.

"பொய்யிங்க அது. அது கட்டுத்துணி வெச்சுப் பூட்டுற ஆஸ்பத்திரி டின்னு. பொதுச் சமையல்லே குடுக்கிற சோறு தோட்டத்து கேட்டைத் தாண்டக் கூடாது, தெரியும். டிரெஸ்ஸர் டின்னை கேட்டுலே தொறந்து பார்க்க மாட்டாங்க, அதுவும் தெரியும். பிள்ளைங்க கடலைப் பார்த்துக்கிட்டே புளிச்சோறு தின்னணும்னுச்சுங்க. கட்டுச்சோறு இல்லாம நாம எந்த ஊருக்குப் போயிருக்கோம்... கடையிலே வாங்கித் தின்னிருக்கலாம். ஆமா. இப்பத்தான் புத்தி வருது... டின்னுச் சாவியா?"

இடது கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போனது.

"பாலன் என்ன சொன்னான், சாவியைப் பத்தி?... தொலைச்சுட்டேன்னு சொன்னானா... சரி. அவனை என்ன பண்ணுவாங்க?... பார்க்கலாம்னா? காலையிலேருந்து பார்க்கலாம், பார்க்கலாம்னே சொல்றீங்க. கேஸே போடாம கம்பி வேலிக்குள்ளே வெச்சிடுவாங்களா? கப்பல் ஏத்திடுவாங்களா? அவன் இந்தியாவைக் கண்ணாலேகூடப் பார்த்ததில்லே. இங்கே தோட்டத்து லயத்து வீட்டுலே பிறந்தவன், பிறப்புப் பத்திரம் கேட்டா எங்கே போவான்? அடுத்த மாசம் மெர்டேக்கா, சுதந்திரம் வருதுன்னு புதுச் சட்டைக்குத் துணி எடுத்து வெச்சிருக்கான். நான் அதையும் விடலே ஐயா. ஒரு சட்டைக்கு எதுக்குடா பந்தலுக்கு வேண்டிய துணின்னு கேட்டேன்... சிரிக்க வேணாம். நான் சிரிக்கிறதுக்காகச் சொல்லலே."

எதிரே சின்னவள் எழுந்து நின்று, எப்போது கடலுக்குப் போவது என்று கையாலேயே கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். போகலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கேலி இல்லாம கேக்கறேன். சாவி என்கிட்டே இருக்கு. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து, அதைக் கார்ப்பரல் மேசையிலே வெச்சு, டின்னும் என்னுது, சோறும் என்னுது, வாயும் என்னுதுன்னு சொன்னா, பாலனை விடுவாங்களா?... கார்ப்பரலைக் கேட்டுச் சொல்றீங்களா. கேளுங்க, இருக்கேன்..."

கம்பியில் இரைச்சல் மட்டும் ஓடியது. தவுக்கே மணிச்சட்டத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க... விடுவாங்களா. இன்னைக்கேவா?... நல்லது. ரொம்ப நல்லது... அப்போ என்னை?"

அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஹலோ... ஐயா, லைன்லே இருக்கீங்களா?... பார்க்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க..."

பதில் வந்தது. நீளமான பதில் இல்லை. தம்பிராஜா பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்.

"...ம். அவன் இடத்துலே நான். நேராச் சொன்னீங்க. காலையிலேருந்து நீங்க ஒருத்தர்தான்... இல்லீங்க, வேற சேதி ஒண்ணும் இல்லே. ஆங், ஒண்ணு இருக்கு. பாலன்கிட்டே மாமா வர்றார்னு சொல்லாதீங்க. அதுக்கும் எதாவது ஒண்ணுலே கையெழுத்துப் போட்டுத் தொலைப்பான். சோறு வருதுன்னு மட்டும் சொல்லுங்க."