திருகுல ஒரு கோளாறும் இல்ல

இல்ல தங்கச்சி, அந்த ஸ்க்ரூவும் லூஸ் இல்ல. எதுவுமே லூஸ் இல்ல. நீங்க பாட்டுக்கு ஸ்பேனரப் போட்டுத் திருப்பிக்கிட்டே இருங்க, கொஞ்சம் சத்தம் வரட்டும். ஹால்ல டீவி ஓடுதுன்னு நம்பிடாதீங்க. கண்ணுதான் டீவில இருக்கும், காது இங்க இருக்கும். பாப்பாவோட அப்பாவுக்குப் பாம்புக் காது.

என்னங்க? ஒண்ணுமில்லங்க, அடிப்பக்கம் கழட்டிப் பாக்குறாங்க! பழுது உள்ள இருக்காம்!

பாத்தீங்களா, நான் சொல்லல?

தட்டுங்க, இன்னும் ரெண்டு தட்டு. நிக்க வைக்கிற ஃப்ரேமுல நட்டு கழண்டுடுச்சு, உடனே வாங்கன்னு நேத்து போன்ல நான் சொன்னது பொய்தான். அவரோட போன், அவரும் பக்கத்துலயே நிக்கிறார், வேற என்ன சொல்ல முடியும்? கான்வென்ட்ல படிச்சவ நான். ஒரு சின்னப் பொய்க்கு முட்டி போட வெச்சவங்க எங்க சிஸ்டர்ங்க. இப்ப நான் அடிக்கிற புளுகக் கேட்டா மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க.

பாப்பா தூங்கறா. போர்வைய எடுக்காதீங்க, அப்புறம் பாக்கலாம். நீங்க வந்தாலே களுக்குனு சிரிச்சு உங்க ஜடையப் புடிச்சு இழுப்பாளே, இன்னிக்கு அவளுக்கு முடியல. லேசா ஜுரம். மருந்து குடுத்திருக்கேன்.

தப்பா நெனைக்காதீங்க, அவர் கை நீட்டுற ஆளில்ல. நீட்டியிருந்தா எனக்கு வெளிய சொல்லத் தெரிஞ்சிருக்கும், கேக்கறவங்களுக்கும் புரிஞ்சிருக்கும். அவர் பாப்பாவ ஈ எறும்பு அண்ட விடமாட்டார். பட்டறையிலேருந்து வந்தா நகத்துக்குள்ள இருக்கிற அழுக்கு வரைக்கும் தேச்சுக் கழுவிட்டுத்தான் அவளத் தொடுவார். பொறந்தப்பவே டாக்டர்ங்க சொல்லிட்டாங்க, மூளைக்குக் காத்து போகல, இந்தக் குழந்த நிக்காது, பேசாதுன்னு. அவர் அங்கயே கேட்டார், இவங்க யாரு என் பொண்ணுக்குத் தீர்ப்பு சொல்லன்னு. அவர் தொழில் என்னன்னு தெரியுமில்ல? டிங்கரிங். லாரி இடிச்சுக் காகிதமாக் கசங்கின கார் வரும். இது தேறாதுன்னு நாலு பட்டறையில கைவிட்ட வண்டியாப் பாத்து எடுப்பார். தட்டித் தட்டி, இழுத்து இழுத்து, கடைசியில அடிபட்ட வண்டின்னு சொன்னா நம்ப மாட்டீங்க. வளைஞ்சத நிமித்த அவசரப்படக் கூடாது, தினம் ஒரு நூல் அளவு நகந்தா போதும்பார். கல்யாணமான புதுசுல அதக் கேட்டு நானே பூரிச்சுப் போயிருக்கேன்.

அப்புறம்தான் நீங்கல்லாம் இஞ்சினியரிங் காலேஜுலேருந்து டேப்பும் கையுமா வந்தீங்க. பாப்பா கால அளந்தீங்க, இடுப்ப அளந்தீங்க, அவ சிரிச்சதுக்கெல்லாம் நீங்களும் சிரிச்சீங்க. இந்த ஃப்ரேம் வந்த அன்னிக்குத்தான் என் பொண்ணு முதமுதலா நின்ன வாக்குல என் முகத்தப் பாத்தா. அதுவரைக்கும் நான் குனிஞ்சே பாத்த முகம். செத்தாலும் அத மறக்க மாட்டேன். ஃப்ரேமுக்கு நீலக் கலர் அடிச்சது அவர்தான். யாரோ பணக்காரர் காருக்குக் கலந்த பெயின்ட்ல மிச்சம். பளபளன்னு இருக்கில்ல?

ஆனா இந்தத் திருகு. இதோ, முழங்கால் பட்டைக்குப் பின்னாடி. எவ்ளோ சந்தோஷமாக் காட்டினீங்க! சாவி வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், வெறும் கையாலயே திருகலாம், குழந்த வளர வளர வீட்டுலயே அளவு மாத்திக்கலாம்னு. ஒரு பல்லு ஏறினா தானா இறங்காது. பிசியோதெரபி மேடம் சொன்னா மட்டும் திருகுங்கன்னும் சொன்னீங்க. அது எனக்குக் கேட்டுச்சு. அவருக்கு, வெறும் கையாலயே திருகலாம்ங்கிறது மட்டும்தான் கேட்டுச்சு.

ஆமா. தினமும்தான்.

பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பல்லு. முன்னால உக்காந்து, கன்னத்தத் தடவி, யானைக் கதை சொல்லிக்கிட்டே திருகுவார். அவ கத்துவா. அவர் கண்ணுலயும் தண்ணி வரும். கண்ணுல தண்ணி வரும், கை மட்டும் நிக்காது. தகரமும் கத்தத்தான் செய்யும், நிமிர்ந்துட்டா அடங்கிடும்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் பின்னால திருப்பிப் பாத்தேன். அசையவே இல்ல. ஏத்தறதுக்குத்தான் கை போதும், இறக்கறதுக்குச் சாவி வேணுமாமே. அது உங்க லேப்ல இருக்காமே.

மேடமா? அவங்க வந்து நாலு மாசமாச்சு. இப்படித் திருகக் கூடாதுன்னு சண்டை போட்டாங்க, இனிமே வர வேண்டாம்னுட்டார். அன்னிலேருந்து வாசக்கதவுக்குப் பூட்டு, சாவி அவர் சட்டைப் பையில. யாரையாவது கூட்டிட்டு வந்து நான் ஃப்ரேம எடுக்க வெச்சிடுவேனாம். ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தாலே போதும், பாயப் போட்டு மூலையில படுக்க வைக்கச் சொன்னவங்ககிட்டயா போகணும்ங்கிறார்.

ஐயோ, அழாதீங்க. மூக்க உறிஞ்சினா வெளிய கேக்கும். திட்டறதுக்கா உங்களக் கூப்பிட்டேன்?

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். போன மாசம் உங்க காலேஜ் கண்காட்சிக்கு வீடியோ எடுக்க வந்தீங்களே, போறப்ப செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னீங்க. இன்னும் கொஞ்சம் நேரா நின்னா சூப்பரா இருக்கும் அண்ணா, ப்ரைஸ் நமக்குத்தான்னு. ஞாபகம் இல்லையா? இருக்காதுதான், போற போக்குல சொன்னது. அவர் அத வேதவாக்கா எடுத்துக்கிட்டார். இஞ்சினியர் பொண்ணே சொல்லிடுச்சு, கேட்டியான்னார். அதுலேருந்து காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பட்டறையில, தெருவுல, பல் வலிக்குப் போன இடத்துலகூட சொல்லி வெச்சிருக்கார், என் பொண்ணு மேடையில நிக்கப் போறா, வந்து பாருங்கன்னு. தரையில நடக்காத காலுக்குப் புது ஷூ வேற.

ஆமாங்க, கஷ்டமான வேலைதானாம்! கண்காட்சிக்குள்ள முடிச்சிடுவாங்களாம்! காபியா? வேண்டாமாம்!

எந்திரிச்சுட்டார்னு நெனைச்சேன். இல்ல, உக்காந்துட்டார்.

சாவி கொண்டு வந்திருக்கீங்களா? இங்கயே லூஸ் பண்ணிட்டுப் போறீங்களா? நீங்க படியிறங்கறதுக்குள்ள மறுபடி ஏத்திடுவார். நான் சொல்றதக் கேளுங்க. ஹாலுக்குப் போய்ச் சிரிச்ச முகமாச் சொல்லணும். அண்ணா, உள்ள பல்லு தேஞ்சிருக்கு, லேப்லதான் மாத்த முடியும், குழந்த கால வெச்சுப் பாத்துத்தான் மாட்டணும், அக்காவும் கூட வரட்டும்னு. நானும் வரேம்பார். நீங்க வந்திருக்கிற காலேஜ் வேன்ல இடமில்லன்னுடுங்க. முதல்ல ஃப்ரேமத் தூக்கிட்டு வாசலுக்குப் போங்க. அது சரியாகணுமேங்கிற கவலையில அவரே சாவிய எடுப்பார். ஆம்புலன்ஸே வந்து நின்னாலும் திறக்காத கதவு உங்களுக்குத் திறக்கும். என்னைவிட உங்களத்தான் அவர் நம்பறார். வேன் தெருமுனை திரும்பினதும் காலேஜ் பக்கம் போக வேண்டாம். நேரா பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க.

குழந்த இல்லாம கண்காட்சியில என்னத்தக் காட்டுறதுன்னு யோசிக்கிறீங்க. முகத்துலயே எழுதியிருக்கு. யோசிங்க, வேண்டாங்கல. ஸ்பேனர மட்டும் நிறுத்தாதீங்க.

இல்ல, நாளைக்கு ஆகாது. சாயங்காலம் ஒரு பல்லு பாக்கி இருக்கு. அதுக்குள்ள போகணும். காலைல திருகினப்ப அவ கத்தவே இல்ல தங்கச்சி. கண்ண மேல செருகிக்கிட்டு முனகினா, அவ்ளோதான். அவருக்குச் சந்தோஷம் தாங்கல. என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, பாத்தியா, பழகிடுச்சுன்னார். நானும் தலைய ஆட்டினேன். பின்ன என்ன பண்ணுவேன்?

வரீங்களா? சரி. முகத்தத் தொடைச்சுக்கங்க. இந்தாங்க, என் முந்தானையிலயே தொடைங்க. ஃப்ரேம வாசல்ல வெச்சுட்டுத் திரும்பி வந்துடுங்க, பாப்பாவ நாம ரெண்டு பேருமாத் தூக்கணும். போர்வையோடவே தூக்கலாம், பிரிக்க வேண்டாம். தலையும் முதுகும் என்கிட்ட. நீங்க இடுப்புக்கு அடியில ஒரு கை குடுங்க, இடது காலுக்கு ஒரு கை. வலது தொடைப் பக்கம் மட்டும் கைய வெச்சிடாதீங்க. அங்க எலும்பு முந்தாநேத்தே ஒடிஞ்சு போச்சு.