தங்கள் கையிலேயே தருவோம்

செந்தமிழிற் சீற்றமும் சீற்றத்திற் செம்மையும் வாய்த்த சீமாட்டியே! பிரிக்பீல்ட்ஸ் ஞானவல்லி பெண் பாடசாலையில் ஆசிரியப் பயிற்சி வகுப்பைத் தோற்றுவித்து, இருபத்தோராண்டு அதைக் கட்டிக் காத்து, இன்று ஓய்வுபெறும் எங்கள் ஸ்ரீமதி இராசேஸ்வரி அம்மையே! வணக்கம்.

பெண்மக்கள் பூப்பெய்தியதும் படிப்பை நிறுத்தும் கொடுமையைக் கண்டித்துத் தாங்கள் பத்திரிகையில் எழுதினீர்கள். ஊர் கொதித்தது. பாடசாலைச் சபையார் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "எழுதினதில ஒரு எழுத்தையும் மாத்த மாட்டன். வேணுமெண்டா என்னை மாத்துங்கோ" என்றீர்கள். தங்களுக்குத் தந்த சொற்பச் சம்பளத்துக்கு வேறு ஆள் அகப்படாததால் சபையார் அடங்கினார்கள் என்பதையும் நன்றியோடு நினைவுகூர்கிறோம்!

கேரி தீவுத் தோட்டத்திலிருந்து மாரியாயி என்ற தாய், மகளோடு தங்களிடம் வந்தார். "படிச்ச புள்ளய எவன் கட்டுவான்னு கேக்குறாங்கம்மா" என்று கலங்கினார். "கட்டாட்டி என்ன? அவள் உழைச்சுச் சாப்பிடட்டும்" என்று அன்றே அவளை வகுப்பில் அமர்த்தினீர்கள். அந்த மகள் புஷ்பவல்லிதான் இப்போது இப்பிரியாவிடை மடலை வாசிப்பவள். தங்கள் இடத்துக்கு அவளை நியமிப்பதா வேண்டாமா என்பதைச் சபையார் வரும் திங்கட்கிழமை முடிவு செய்வார்கள்.

அம்மையே! பெண்ணுக்குரிய மடலை அவள் வீட்டு ஆண்மகன் பெறுவதே இச்சபையின் வழக்கமாம். ஆகவே மேடையில் நாற்காலி தங்கள் தம்பி சிவசம்பு அவர்களுக்கு; தங்களுக்கோ பெண்கள் பகுதியில், திரைக்குப் பின்னே. வழக்கத்தை மீறினால் புஷ்பவல்லிக்கு வேலை இல்லையென நேற்றே எச்சரித்துவிட்டார்கள். இத்தகைய வழக்கங்களை எதிர்த்து எழுதிய தங்களை இந்த வழக்கத்தாலேயே வழியனுப்புவதா? எங்களுக்கு அச்சம் உண்டு. அதைவிட ஆத்திரம் அதிகம். தங்கள் தம்பியிடமும் கேட்டோம். "அக்கா வாங்கட்டும். நான் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்" என்றார். முன்வரிசைச் சபையாரே, கேட்டுக்கொள்ளுங்கள்!

உடல்நலம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க, அம்மையே! எழுதுகோலுக்கு மட்டும் ஓய்வு கொடுக்காதீர்கள்.

இனி வாசிக்க ஒன்றுமில்லை. திரையை விலக்கி மேடைக்கு வாருங்கள். தாங்கள் வரும்வரை புஷ்பவல்லி இம்மடலை வேறெவர் கையிலும் கொடுக்கமாட்டாள்.

இங்ஙனம்,
தந்தை பெயரும் கணவர் பெயரும் சேர்க்காமல் கையொப்பமிடும் தங்கள் மாணவிகள்
பவுனம்மாள்
மார்க்கிரட்
புஷ்பவல்லி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர், 1936