முதலில் போக வேண்டிய காகிதம்

— இன்னும் எத்தனை நேரம்டா அந்தத் திரையையே முறைச்சுக்கிட்டு இருப்பே? டீ ஆறிப்போச்சு.

— அங்கேயே வை அக்கா. குடிக்கிறேன்.

— கோர்ட்டுக்கு விட்டிருந்த பத்து நாள் லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் உள்ள கால் வச்சிருக்கோம். வந்ததும் வராததுமா என்னத்தைக் கிளறிக்கிட்டு...

— நம்ம தம்பி சின்னவனோட விடுதலை உத்தரவு அன்னிக்கு எத்தனை மணிக்கு அச்சாச்சு, தெரியுமா?

— அது இப்ப எதுக்கு?

— சொல்லேன்.

— லேட்டாச்சு. அவ்வளவுதான் தெரியும். நான்தான் அம்மாகூட ஆஸ்பத்திரியில இருந்தேனே.

— ஆறு இருபது! ஜட்ஜ் ஒப்புதல் கொடுத்தது மூணு மணிக்கு. அந்த நிமிஷமே என் புரோகிராம் அதை உன் அச்சு அறைக்கு அனுப்பிடுச்சு. மூணு மணி நேரம் வரிசையில கிடந்திருக்கு.

— ஆறு மணிக்கே ஜெயில் கதவைச் சாத்திடுவாங்களே...

— அது தெரியாமயா நாலு மணிலேர்ந்து அவன் சட்டையைக் கையில வச்சுக்கிட்டு அந்த வாசல்ல நின்னேன்? யாரோ அடிச்சுக்கிட்டதுக்கு இவன் உள்ள போனான். ஜாமீன் கிடைச்சும் ஒரு ராத்திரி கூட இருந்தான். அந்த ராத்திரியே அம்மா...

— விடுடா.

— விட முடியலைக்கா. தப்பு என்னோடது.

— உளறாதே. மெஷின் மக்கர் பண்ணியிருக்கும்.

— மெஷின் சொன்னதைச் செஞ்சிருக்கு. நான் சொன்னதுதான் தப்பு. அச்சுக்குப் போற ஒவ்வொண்ணுக்கும் முன்னுரிமை எண் கொடுக்கணும், ஒண்ணுலேர்ந்து நூறுக்குள்ள. அந்த வேலைக்கு யாரோ ஏற்கெனவே எழுதி வச்ச ரெடிமேட் புரோகிராம் ஒண்ணை, லைப்ரரின்னு சொல்வோம், எடுத்து அப்படியே மாட்டினேன். விடுதலை உத்தரவு அவசரமாச்சேன்னு ஒண்ணுன்னு போட்டேன்.

— சரிதானே? ஒண்ணுன்னா முதல்ல போகணும்.

— நீயும் என்னை மாதிரியே நெனைக்கிறே பாரு. அந்த லைப்ரரிக்கு நூறுதான் முதல். ஒண்ணு கடைசி. கூட வந்த குறிப்புல ஒரே ஒரு வரி... இவ்வளவு படிச்சவன், அந்த ஒரு வரியைப் படிக்கலை.

— ம்...

— சம்மனுக்கெல்லாம் நான் எண்ணே போடலை. தானா ஐம்பது விழுந்திருக்கு. அன்னிக்கு ஆயிரத்துச் சொச்சம் சம்மன். எல்லாம் சின்னவனைத் தாண்டிப் போயிருக்கு.

— அவன்கிட்ட என்ன சொல்லியிருக்கே?

— ஜட்ஜ் லேட்டாக்கிட்டாருன்னு.

— அப்படியே இருக்கட்டும்.

— எப்படிக்கா? தினமும் அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டேதான் சோத்துல கையை வைக்கிறான்.

— திட்டட்டும். ஜட்ஜுக்கு ஒண்ணும் தேஞ்சு போயிடாது.

— அக்கா... அம்மா அவனைக் கேட்டாங்களா?

— டீ மேல ஆடை கட்டுது பாரு.

— மழுப்பாதே. சொல்லு.

— கேட்டாங்க. கதவு சத்தம் கேக்கும்போதெல்லாம் ‘வந்துட்டானா’ன்னு... நர்ஸ் உள்ள வந்தாலும் அதே கேள்விதான்.

— நீ என்ன சொன்னே?

— ‘வண்டியில வந்துக்கிட்டு இருக்கான்மா’ன்னு சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்னு எனக்கே தெரியாது.

— ஐயோ...

— அழாதே. பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு.

— ஒண்ணு மட்டும் புரியலைக்கா. இந்தப் புரோகிராம் ஓட ஆரம்பிச்சு மூணு மாசம். விடுதலை உத்தரவெல்லாம் தினமும் கடைசிக்குத்தானே போயிருக்கணும்? ஒரு வக்கீலாவது வந்து கத்தியிருக்கணுமே! ஒரு புகார் கிடையாது. நானும் பிரமாதமா ஓடுதுன்னு மார்தட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

— போதும்டா. மூடு அதை.

— இரு, தினப்பதிவு இதுல இருக்கும்... இங்க பாரு. தினமும் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷத்துல அச்சாயிருக்கு! கோர்ட் லீவு விடறதுக்கு முந்தின அந்த ஒரு நாள் மட்டும்தான் லேட்டு... இதென்ன? ‘வரிசை கையால் மாற்றப்பட்டது.’ ஒரு நாள், ரெண்டு நாள்னு இல்லை, ஆரம்பத்துலேர்ந்தே... எல்லாம் அச்சு அறை கம்ப்யூட்டர்லேர்ந்து.

— குடு அந்த டம்ளரை, டீயைச் சூடு பண்ணிட்டு வர்றேன்.

— காய்ச்சல் அடிச்சப்பகூட லீவு போடாம வந்தியே... ‘நீ போகலைன்னா கோர்ட் இடிஞ்சு விழுந்துடுமா’ன்னு கிண்டல் பண்ணினேன். அக்கா... அங்க உக்கார்றது நீ மட்டும்தானே?

— ரெண்டாவது நாளே பாத்துட்டேன்டா. ஏன்னு தெரியலை, உன் அவசரக் காகிதமெல்லாம் அடியில போய் உக்காருதுன்னு மட்டும் தெரிஞ்சுது. நீ சேந்து ஒரு வாரம்தான் ஆயிருந்துது. எழுதிக் குடுத்தா உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. உன்கிட்ட சொன்னா நீ மனசு ஒடிஞ்சு போயிடுவே. ஒவ்வொண்ணா நானே மேல ஏத்திவிட்டுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு ஒரு நாள்தான் லீவு... அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்குப் பதிலா வந்தவகிட்ட அதைச் சொல்ல மறந்துட்டேன்டா.