பேரனுக்குப் பரிசா ஒரு துப்பாக்கி

இதுதான் சார், துப்பாக்கி வைக்கிற பீரோ. தட்டிப் பாருங்க. நல்லாவே தட்டுங்க. ரெண்டு பூட்டு, செவுத்தோட சேத்து போல்ட்டு. என் நகைக்குக்கூட இந்த வீட்ல இப்படி ஒரு மரியாதை கெடச்சதில்ல.

மாமனாரா? குளிக்கிறாரு. லைசென்ஸுக்குப் போலீஸ் விசாரிக்க வருதுன்னா புது மாப்பிள்ளை மாதிரி ரெடியாவாரு. அதுக்குள்ள என்கிட்ட கேக்க வேண்டியதக் கேட்டுடுங்க.

ஆமா, பரிசாத்தான் குடுக்குறாரு. பேரனுக்கு இருபத்தொண்ணு முடிஞ்சுடுச்சுல்ல? மத்த வீட்டுத் தாத்தாங்க வாட்ச் குடுப்பாங்க. எங்க வீட்ல துப்பாக்கி. அதுக்கு ரிப்பன் வேற கட்டினாரு சார், செவப்புல. கேக் வெட்டின கையோட தூக்கிக் குடுத்துட்டாரு. அவன் பேர்ல லைசென்ஸ் வராம கைமாத்தினா ரெண்டு பேர் மேலயும் கேஸாகும்னு வக்கீல் தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்புறம்தான் அது திரும்ப பீரோவுக்குள்ள போச்சு. என் பொருள், என் பேரன், நடுவுல சர்க்காருக்கு என்ன வேலைன்னு கேக்குறாரு. நியாயம்தானே? சட்டமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தானே போட்டிருக்கு.

சாவி இப்ப அவர்கிட்டதான். பேர் மாறினப்புறம் தாத்தாவே அதத் தொடக்கூடாதா? அடடா, சட்டத்துல நல்லதுகூட இருக்கே.

பையனா? தங்கம். கேஸ் கெடையாது, குடி கெடையாது. சுடுற பயிற்சி முடிச்சாச்சு. கண்ணு பாத்தாச்சு. மனசும் பாத்தாச்சு சார், டாக்டரு ரெண்டே கேள்வியில பாத்துட்டாரு. நல்லா தூக்கம் வருதான்னாரு, வருதுன்னான். முடிஞ்சுது. வேலை போனதுலேர்ந்து ராத்திரி பூரா கூடத்துல குறுக்கயும் நெடுக்கயும் நடக்குறான். வாயத் தொறந்து ஒரு வார்த்தை கெடையாது. ஆனா தூக்கம் வருதாம். டாக்டரவிட எனக்கு என்ன பெருசா தெரிஞ்சுடப் போகுது? பெத்தவதானே.

எழுதிக்கலையா? அதுவும் சரிதான், அதுக்கெல்லாம் உங்க ஃபாரத்துல கட்டம் போட்டிருக்க மாட்டாங்க.

வீட்ல யாருக்காவது ஆட்சேபணையா? பரவால்லயே, என்னையும் ஒருத்தர் கேக்குறீங்க! போன தடவ யாரும் கேக்கல. போன தடவன்னா, என் வீட்டுக்காரர் போனப்ப. இதே துப்பாக்கிதான். தொடைக்கும்போது வெடிச்சிடுச்சுன்னு மாமனார் சொன்னாரு, வந்தவங்க எழுதிக்கிட்டுப் போனாங்க, கோர்ட்டு பத்திரமா அதத் திருப்பியும் குடுத்துடுச்சு. பையனுக்கு அப்ப பத்து வயசு. இன்னிக்கும் தவறிப் போய் வெடிச்சதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கான். அப்பா கடைசியா தொட்ட பொருளாம். அதான், எனக்கே வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்.

இருங்க, குழாய நிறுத்திட்டாரு. வந்துடுவாரு. சட்டுனு சொல்லிடுறேன்.

என் வீட்டுக்காரரும் கடைசி ஒரு மாசம் இப்படித்தான் கூடத்துல நடந்தாரு. துப்பாக்கியத் தொடைக்கிற பழக்கமே அவருக்குக் கெடையாது சார். இந்த வீட்ல அந்த வேலையும் என் தலையிலதான். அன்னிக்குக் காலையில நான்தான் தொடச்சு, எண்ணெ போட்டு, குண்டு இல்லன்னு பாத்து உள்ள வெச்சேன்.

இப்ப எழுதுங்க. அம்மாவுக்கு ஆட்சேபணை இருக்கு.